நன்றியுரை ஒரு பக்கத்துக்கு மிகாமல்

மூன்று வருஷம் நான் ஒருவரோடு சண்டை போட்டேன். முகம் தெரியாது, பேச்சுக் கேட்டதில்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் அவருடைய சிவப்பு மை மட்டும்தான்.

மாடம்பாக்கத்தில் கோயிலுக்குப் போகிற ரோட்டில், எங்கள் வீட்டு முன்னறையில் டைப்பிங், ஜெராக்ஸ், ஸ்பைரல் பைண்டிங் என்று ஒரு கடை வைத்திருக்கிறேன். வீட்டுக்காரருக்குத் திருமுடிவாக்கத்தில் வெல்டிங் வேலை. பொங்கல் முடிந்ததும் பிளஸ் டூ பிள்ளைகள் ப்ராஜெக்டைத் தூக்கிக்கொண்டு வர ஆரம்பித்துவிடுவார்கள். அதில் இயற்பியல், வேதியியல் எல்லாம் எனக்கு ஊதித் தள்ளுகிற வேலை. என் உயிரை எடுத்தது புள்ளியியல் வகுப்பு ஒன்றுதான்.

அந்த வகுப்புப் பிள்ளைகள் கையில் ஒரு தாள் இருக்கும். ‘ஃபார்மட்’ என்று அதற்குப் பேர். ஜெராக்ஸை ஜெராக்ஸ் எடுத்து, அதையும் ஜெராக்ஸ் எடுத்து, பாதி எழுத்து அழிந்துபோன தாள். இடது ஓரம் ஒன்றரை அங்குலம், வலது ஓரம் ஒரு அங்குலம். வரி இடைவெளி ஒன்றரை. அட்டவணையின் தலைப்பு மேலே வர வேண்டும், வரைபடத்தின் தலைப்பு கீழே வர வேண்டும். ஏனம்மா, இரண்டையும் ஒரே பக்கம் வைத்தால் என்ன குடி முழுகிவிடும்? அட்டவணை எதுவும் பாதியில் உடைந்து அடுத்த பக்கம் போகக் கூடாது. நன்றியுரை ஒரு பக்கத்துக்கு மிகாமல் இருக்க வேண்டும். இப்படிப் பத்தொன்பது கட்டளை. மோசேக்குக் கூடப் பத்தோடு விட்டுவிட்டார் ஆண்டவர்.

முதல் வருஷம் நான் அந்தத் தாளை லட்சியம் செய்யவில்லை. பன்னிரண்டு வருஷமாகக் கடை வைத்திருக்கிறேன், எனக்குத் தெரியாத ஓரமா என்று அடித்துக் கொடுத்தேன். பைண்டிங் போட்டுக் கொண்டுபோன பிள்ளைகள் மூன்றாம் நாள் வரிசையாகத் திரும்பி வந்தார்கள். முதல் பக்கத்தில் சிவப்பு மையில், ‘இடது ஓரம் 1.3 அங்குலம் உள்ளது’ என்று இருந்தது. அந்த வகுப்பு மிஸ் அடிஸ்கேல் வைத்து அளக்கிறார்களாம். ஸ்பைரலுக்குத் துளை போட்டால் ஓரம் கொஞ்சம் தின்னத்தானே செய்யும்?

“அளந்து பாக்கறாங்களா? ஏன், இன்ச் டேப்ப கழுத்துல மாட்டிக்கிட்டுதான் கிளாஸுக்கு வருவாங்களா உங்க மிஸ்ஸு?” என்று கத்தினேன். பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். அன்றிலிருந்து என் கடையில் புள்ளியியல் மிஸ்ஸைத் திட்டுவதைக் கேட்பதற்கென்றே இரண்டு பேர் கூடுதலாக வந்து நிற்பார்கள்.

நானும் விடவில்லை. அடுத்த வருஷம் ஓரத்தை ஒன்றே முக்கால் வைத்தேன். ‘1.75. மன்னிக்கவும், ஏற்க இயலாது’ என்று வந்தது. அந்த ‘மன்னிக்கவும்’தான் எனக்கு அடிவயிறு வரை எரிந்தது. திட்டினால் திட்டிவிட்டுப் போ, எதற்கு மரியாதை?

மூன்றாம் வருஷம்தான் கோவளத்துப் பெண் வந்தாள். ஒல்லியாக, தோளில் பெரிய பை. கோவளத்தில் பஸ் ஏறி, கேளம்பாக்கம், வண்டலூர் வழியாகத் தாம்பரம் வந்து, அங்கே இன்னொரு பஸ் பிடித்து எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு வருகிறவள். புள்ளியியல் சொல்லித்தருகிற பள்ளிக்கூடம் அவள் பக்கத்தில் இல்லையாம். போக ஒன்றே முக்கால் மணி நேரம், வர அதைவிடக் கொஞ்சம் கூட. அப்பா கடலுக்குப் போகிறவர், அம்மா மீன் விற்கிறவர்.

அவள் ப்ராஜெக்ட் என்ன தெரியுமா? வகுப்பில் உள்ள நாற்பது பேரும் வீட்டிலிருந்து பள்ளிக்கு வர எத்தனை நிமிடம் ஆகிறது, அரையாண்டுத் தேர்வில் எத்தனை மார்க் வாங்கினார்கள், இரண்டுக்கும் தொடர்பு உண்டா.

“இது எதுக்கு பாப்பா? எல்லாரும் பிடிச்ச ஐஸ்கிரீம், பிடிச்ச கிரிக்கெட் டீமுன்னு எடுக்கறாங்க. நீ மட்டும் பஸ்ஸ பிடிச்சிக்கிட்டு தொங்கறியே?”

“எங்கப்பாவுக்கு காட்றதுக்குக்கா.”

பிளஸ் டூ முடித்ததும் தாம்பரத்தில் ஒரு கல்லூரியில் புள்ளியியலே படிக்க வேண்டும் என்பது அவள் ஆசை. அதாவது இன்னும் மூன்று வருஷம் இதே பஸ். அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. “பஸ்ல போய்ப் போய் எலும்பும் தோலுமா ஆய்ட்ட. படிக்கிறதுக்கு ஒடம்புல தெம்பு வாணாமா? போதும், இங்கியே எதனா தையல் கியல் கத்துக்க” என்கிறார். பஸ்ஸால் படிப்பு கெடவில்லை என்று கணக்குப் போட்டுக் காட்டினால் விட்டுவிடுவார் என்று இவள் நம்புகிறாள். எனக்கு அந்தப் பெண்ணை அப்போதே பிடித்துப்போனது. அதற்காக வாயை அடக்கினேன் என்று நினைக்காதீர்கள். அன்றைக்கே அவளோடு ஒரு சண்டை போட்டேன்.

சண்டை நன்றியுரைக்காக. என் கம்ப்யூட்டரில் நன்றியுரை தயாராகவே இருக்கும். தலைமையாசிரியர், பாட ஆசிரியர், நண்பர்கள், கடைசியில் ‘எனக்கு ஊக்கமளித்த என் பெற்றோர்’. எல்லாருக்கும் ஒன்றுதான், பேரை மட்டும் மாற்றிக் கொடுப்பேன். இவள் அதைப் படித்துவிட்டுத் தன் நோட்டை நீட்டினாள்.

“அப்பாவுக்கு மட்டும் இத்த போடுங்கக்கா.”

நோட்டில் இப்படி இருந்தது: ‘விடியற்காலை மூன்று மணிக்குக் கடலுக்குப் போக வேண்டியிருந்தும், தினமும் மாலை என் பஸ் வரும்வரை தூங்காமல் ரோட்டில் நின்று, என்னை வீட்டுக்குக் கூட்டிப் போன பிறகே படுக்கப் போகும் என் அப்பாவுக்கு.’

போட்டுப் பார்த்தேன். நன்றியுரை இரண்டு வரி வழிந்து அடுத்த பக்கத்துக்குப் போனது.

“முடியாது பாப்பா. ஒரு பக்கத்துக்கு மேல போனா உங்க மிஸ்ஸு என்னைத் தூக்குல போட்டுடும். ‘ஊக்கமளித்த பெற்றோர்’னாலே எல்லாம் அதுல அடங்கிடும்.”

“அடங்காதுக்கா” என்றாள். அழவில்லை, கெஞ்சவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிறதென்று ஒரு காலால் தரையைத் தட்டிக்கொண்டே நின்றாள், நகரவில்லை. எனக்கு மண்டை காய்ந்தது. கடைசியில் நான்தான் இறங்கி வந்தேன். அந்த ஒரு பக்கத்துக்கு மட்டும் வரி இடைவெளியைத் திருட்டுத்தனமாகக் குறைத்து, எல்லாவற்றையும் ஒரே பக்கத்தில் திணித்தேன்.

அதற்குப் பிறகு செய்ததுதான் நான் செய்த பெரிய வேலை. பென்சிலில் அவள் எழுதிக் கொண்டுவந்த அட்டவணையில் மூன்று பத்தி. முதலில் மாணவர் வரிசை எண், அடுத்தது நிமிடம், அதற்கடுத்தது மார்க். எண்கள் இஷ்டத்துக்கு ஏறி இறங்கின. பதினைந்து, தொண்ணூறு, ஐந்து, நாற்பது. எனக்குக் கண்ணை உறுத்தியது. அடுக்களையில் டப்பாக்கள் பெரிதும் சிறிதுமாகக் கலந்து நின்றாலே எனக்கு ஆகாது. நிமிடப் பத்தியைத் தேர்ந்து, சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கச் சொன்னேன். ‘பக்கத்துப் பத்திகளையும் சேர்த்து அடுக்கவா?’ என்று கம்ப்யூட்டர் கேட்டது. எப்போதும் ஏதாவது கேட்டுக்கொண்டே இருக்கும் ஜென்மம் அது. வேண்டாம் என்று தட்டினேன். பிறகு மார்க் பத்தியையும் அதே மாதிரி தனியாக அடுக்கினேன். மேலிருந்து கீழே எல்லாம் அழகாக ஏறியது. எனக்கே பெருமையாக இருந்தது.

மறுநாள் சாயங்காலம் அவள் வந்து என் நாற்காலியில் உட்கார்ந்து, ஒட்டுறவுக் கெழு என்ற ஒன்றைக் கம்ப்யூட்டரிலேயே கணக்கிட்டாள். இரண்டு விஷயங்கள் சேர்ந்தே ஏறுகின்றன என்றால் அந்த எண் ஒன்றை ஒட்டி வரும், சம்பந்தமே இல்லை என்றால் பூஜ்யத்தை ஒட்டி வரும் என்று எனக்குச் சொன்னாள். வந்தது 0.98.

“அக்கா! தூரத்துல இருந்து வர்றவங்கதான் நெறைய மார்க்கு எடுக்கறாங்கக்கா!” என்று குதித்தாள்.

“பின்ன? பஸ்ல உக்காந்து படிப்பீங்க. வூட்டுப் பக்கத்துல இருக்கறதுங்க டிவி பாக்கும்” என்று நானும் விளக்கம் கொடுத்தேன். எனக்கு எல்லாவற்றுக்கும் விளக்கம் உண்டு. வரைபடம் போட்டோம். நாற்பது புள்ளியும் சுவரில் எறும்பு ஏறுகிற மாதிரி ஒழுங்காக மேலே ஏறின. முடிவுரையில், ‘பயண நேரம் கூடக்கூட மதிப்பெண்ணும் கூடுகிறது’ என்று நானே தடித்த எழுத்தில் அடித்தேன். நீல அட்டை போட்டு பைண்டிங் செய்து கொடுத்தேன். இரண்டு நாள் கழித்து, பள்ளிக்கூடம் போகிற வழியில் ஓடி வந்து வாசலில் நின்றபடியே சொன்னாள்: “அக்கா, அப்பா சரின்னுட்டாரு!”

அன்றைக்கு முழுவதும் நான் யாரையும் திட்டவில்லை.

அடுத்த சனிக்கிழமை காலை அவள் மறுபடி வந்தாள். தலை குனிந்திருந்தது. பின்னால், கஞ்சி போட்ட பருத்திப் புடவையில் ஒரு அம்மா. கையில் நீல அட்டை, அதன் மேல் ஒரு அடிஸ்கேல்.

நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். ஸ்கேலைப் பார்த்து இல்லை, முகத்தைப் பார்த்து. ஞாயிற்றுக்கிழமை எட்டு மணி ஆராதனையில் எனக்கு முன் பெஞ்சில் உட்காருகிற அம்மா! பாடும்போது தாளம் தப்பினால் பாடகர் குழுவைத் திரும்பிப் பார்த்து முறைக்கிற அம்மா! மூன்று வருஷம் சனிக்கிழமை வரைக்கும் இவரைத் திட்டிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை இவர் முதுகைப் பார்த்துக்கொண்டு பாட்டுப் பாடியிருக்கிறேன்.

அவருக்கும் என்னை அடையாளம் தெரிந்தது. “ஓ, நீங்கதானா?” என்றார்.

“நீங்கதானா மிஸ்?” என்றேன்.

அவர் கோபப்படவில்லை. அந்தப் பெண்ணின் பென்சில் தாளையும் என் அட்டவணையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

“இந்த எட்டாம் நம்பர் பொண்ணு எங்க ஸ்கூல் பின்சுவரை ஒட்டின வீடு. அஞ்சு நிமிஷம். கிளாஸ் ஃபர்ஸ்ட். உங்க டேபிள்ல பாருங்க, அவளுக்கு எத்தனை மார்க்?”

பார்த்தேன். முப்பத்திரண்டு.

“நேத்து கிளாஸ்ல இதைப் பார்த்துட்டு அவ அழுத அழுகை இருக்கே! அவ நம்பருக்கு பக்கத்துல இன்னொருத்தி மார்க்கு. யாருடைய நிமிஷமும் யாருடைய மார்க்கும் அவங்களுக்கு சொந்தம் இல்ல. ரெண்டு பத்தியையும் தனித்தனியா அடுக்கிட்டீங்க. அப்படி அடுக்கினா எதுவும் எதோடயும் சேர்ந்து ஏறத்தாங்க செய்யும்.”

‘பார்க்க அழகாக இருக்கட்டும் என்று’ என ஏதோ முனகினேன். மூன்று வருஷம் அளந்து அளந்து உயிரை எடுத்த மனுஷி முன்னால், ஓரத்தில் தப்பில்லாமல் உள்ளே மொத்தமும் தப்பாக நின்றேன்.

பென்சில் தாளில் இருந்தபடியே மறுபடி அடித்தோம். மறுபடி கணக்கிட்டோம். பூஜ்யத்துக்கு ஒரு மயிரிழை கீழே வந்தது. பயண நேரத்துக்கும் மார்க்குக்கும் சம்பந்தமே இல்லை. வரைபடத்தில் புள்ளிகள் அரிசி கொட்டின மாதிரி கிடந்தன.

“இதுதான் சரியான விடை. நல்ல விடையும்கூட” என்றார் மிஸ்.

பெண்ணின் கண்ணில் நீர் நிறைந்துவிட்டது. “மார்க்குக்கு இல்ல மிஸ். அப்பா அந்தப் புக்க பாத்துதான் சரின்னாரு. இப்ப போய் அது தப்புன்னு சொன்னா, ஏமாத்திட்டேன்னுதான் நெனைப்பாரு. காலேஜும் போச்சு, எல்லாம் போச்சு.”

“சொல்லாம விட்டா என்ன?” என்று என் வாய் வரைக்கும் வந்தது. மிஸ்ஸின் ஸ்கேல் மேஜை மேல் கிடந்தது. விழுங்கிவிட்டேன்.

“நீ எதுவும் சொல்ல வேணாம். தப்பு பண்ணது நானு. நானே வந்து சொல்றேன்” என்றேன். எங்கிருந்து அந்தத் தைரியம் வந்ததோ தெரியாது.

“நானும் வரேன்” என்றார் மிஸ்.

ஆக, ஞாயிறு ஆராதனை முடிந்த கையோடு, மூன்று வருஷத்து எதிரிகள் இரண்டு பேரும் தாம்பரத்தில் கோவளம் பஸ் ஏறி ஒரே சீட்டில் உட்கார்ந்தோம். வண்டலூர் தாண்டியதும் பொறுக்க முடியாமல் நான்தான் கேட்டேன்.

“ஏன் மிஸ், அந்த ஓரம் ஒன்றரை இல்லாம ஒன்னு புள்ளி மூணு இருந்தா என்னதான் ஆய்டும்?”

“ஒன்னும் ஆகாது.”

“அடப் பாவமே! அப்புறம் எதுக்கு மிஸ் இந்தப் பாடு?”

“சில வீட்ல அப்பாவே கலர் பிரிண்ட், மினுமினுன்னு அட்டைன்னு செஞ்சு குடுப்பாங்க. சில வீட்ல ஒன்னும் இருக்காது. வெளியில எல்லாம் ஒரே மாதிரி இருந்துட்டா, உள்ள எந்தப் பிள்ளை என்ன யோசிச்சிருக்குன்னு மட்டும் பார்க்கலாம். அதுக்குத்தான்.”

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. இந்த ஒரு வரியை அந்த ஃபார்மட் தாளில் இருபதாவதாகப் போட்டுத் தொலைத்திருக்கக் கூடாதா? சொன்னேன். அவர் சிரித்துவிட்டார். கேளம்பாக்கம் வருவதற்குள் இரண்டு பேரும் சேர்ந்து பாடகர் குழுவைத் திட்ட ஆரம்பித்திருந்தோம்.

கோவளத்தில் இறங்கும்போது எனக்கு இடுப்பு விட்டுப்போயிருந்தது. இதைத்தான் அந்தப் பெண் தினமும் இரண்டு தடவை செய்கிறாள் என்று நினைத்ததும் வாயை மூடிக்கொண்டேன். அவள் பஸ் ஸ்டாப்பிலேயே காத்திருந்து கூட்டிப்போனாள். மீன் விற்பனை முடிந்து மணலில் ஐஸ் உருகிக் கிடந்தது. படகு நிழலில் உட்கார்ந்து அவள் அப்பா வலை பிரித்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் எழுந்துவிட்டார்.

“வாங்க மிஸ், வாங்கக்கா. வெயில்ல நிக்காதீங்க. இன்னா, பொண்ணு எதனா தப்பு பண்ணிகீதா?”

“அவ பண்ணலைங்க. நான் பண்ணேன்” என்று ஆரம்பித்து மூச்சு விடாமல் கொட்டினேன். பத்தியை அடுக்கியது, கம்ப்யூட்டர் கேட்டது, நான் வேண்டாம் என்றது, எல்லாம். தூரத்திலிருந்து வந்தால் மார்க் கூடும் என்பது சுத்தப் பொய், பஸ்ஸுக்கும் படிப்புக்கும் நல்லதோ கெட்டதோ எதுவுமே இல்லை என்று முடித்தேன். பெண் படகைப் பிடித்துக்கொண்டு மணலைப் பார்த்து நின்றாள்.

அவர் என்னையும் மிஸ்ஸையும் மாறி மாறிப் பார்த்தார்.

“இத்த சொல்லவா இம்மாந் தொலவு வந்தீங்க? அந்த நம்பர் எனக்கு இன்னான்னே புரியலக்கா. நான் அத்த பாக்கவே இல்ல.”

“அப்புறம் எதைப் பார்த்து சரின்னீங்க?” என்றார் மிஸ்.

அவர் வலையில் சிக்கிய ஒரு நண்டுக்காலை உடைத்து எறிந்தார்.

“மொதல்ல ஒரு பக்கம் கீது பாருங்க, நன்றின்னு போட்டு. எழுத்துக் கூட்டிப் படிச்சேன். நான் இதுக்காவதான் ரோட்டாண்ட நிக்கிறேன்னு இதுக்குத் தெரியாதுன்னுதாங்க நெனச்சிகினு இருந்தேன். டீக்கடைல டீ குடிக்க வந்தவன் மாதிரிதான் நிப்பேன். ‘இன்னாம்மா, இப்பதான் வர்றியா, வா போலாம்’னு கூட்டிகினு வருவேன். ரெண்டு வருசமா அப்டித்தான். எல்லாத்தையும் பாத்துகினு இருந்துகீது. தூங்காம நிக்கிறேன்னு புக்குல போட்டுகீது. அத்த படிச்சிட்டு வாணாம்னு எப்டிக்கா சொல்றது?”

பெண் ஓவென்று அழுதாள். மிஸ் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். என் நிலைமையைக் கேட்காதீர்கள். ‘பெற்றோர்னாலே எல்லாம் அதுல அடங்கிடும்’ என்று சொன்ன இந்த வாயை என்ன செய்வதென்று தெரியவில்லை. அவர் மட்டும் பதறிப்போய், “ஐய, இப்ப இன்னாத்துக்கு எல்லாரும் அழுவுறீங்க, சாப்ட்டுதான் போவணும்” என்று வீட்டுக்குக் கூட்டிப்போனார். அன்று சாப்பிட்ட சங்கரா மீன் குழம்பைப் போல நான் இதுவரை சாப்பிட்டதில்லை. மிஸ் இரண்டாவது முறையும் வாங்கிக்கொண்டார்.

திங்கட்கிழமை புது ரிப்போர்ட் அடிக்க உட்கார்ந்தேன். பழையதில் நன்றியுரைப் பக்கத்து ஓரத்தில் சிவப்பு மை: ‘வரி இடைவெளி குறைவு.’ ஒன்றரைக்கு மாற்றினால் இரண்டு வரி அடுத்த பக்கம் போகும். எந்தக் கட்டளையை மீறுவது என்று மிஸ்ஸுக்கே போன் செய்தேன்.

“இடைவெளியைக் குறைக்காதீங்க. ரெண்டு பக்கம் வந்தா வரட்டும்” என்றார்.

மாற்றினேன். ‘பிறகே படுக்கப் போகும் என் அப்பாவுக்கு’ என்ற வரியும், அதற்குக் கீழே அவள் கையெழுத்து போட வேண்டிய வரியும் புதுப் பக்கத்தில் போய் நின்றன. மீதிப் பக்கம் முழுவதும் வெள்ளை. வேறு நாளாக இருந்தால் எனக்குப் பொறுத்திருக்காது. அப்படியே இரண்டு பிரதி எடுத்தேன், ஒன்று பள்ளிக்கூடத்துக்கு, ஒன்று கோவளத்துக்கு.

இந்த வருஷமும் பிள்ளைகள் அதே ஃபார்மட் தாளைக் கொண்டுவருகிறார்கள். அதே அழிந்த எழுத்து. நன்றியுரை பற்றிய கட்டளை மேல் மட்டும் ஸ்கேல் வைத்து ஒரு கோடு கிழித்திருக்கிறது. ஓரத்தை இன்னமும் அளக்கிறார்கள். நானும் இன்னமும் திட்டுகிறேன், இப்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை நேரிலேயே.

கோவளத்துப் பெண் தாம்பரத்தில் கல்லூரி இரண்டாம் வருஷம் படிக்கிறாள். போன வாரம் ஏதோ பிரிண்ட் எடுக்க வந்தாள்.

“அப்பா இன்னும் ரோட்ல நிக்கிறாரா?” என்று கேட்டேன்.

“நிக்கிறாருக்கா. ஆனா இப்பல்லாம் டீ குடிக்கிறதில்ல. சும்மாவே நிக்கிறாரு” என்றாள்.